சர்வருக்கு இடம் தேடிய நாட்கள்

மதுரையில் குளிரில் நடுங்கியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் நடுங்கியிருக்கிறேன். அதுவும் சித்திரை மாதத்தில்.

வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டரைக் கழற்றி ஜீப் சீட்டில் எறிந்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு கனத்த கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்கள். ஏசிக் காற்று நேராக நெஞ்சில் வந்து மோதியது. பெருமாள்மலையில் மார்கழிக் காலையில்கூட எனக்கு இப்படிப் பல் தந்தியடித்ததில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் யார் யாருடைய சர்வர்களோ, இரவு பகலாக நிற்காமல் வேலை செய்யும் கம்ப்யூட்டர்கள், ஓடிக்கொண்டிருந்தன. மாவு மில்லுக்குள் நிற்பது போல இரைச்சல். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும்.

அந்த இடத்தை நடத்துகிறவர் பெயர் ரபீக். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகச் சுற்றிக் காட்டினார். முடித்துவிட்டு, "வேற ஏதாச்சும் பாக்கணுமா மேடம்?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. மெயின் கரண்ட்டை நிறுத்திக் காட்டுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கணவர் முருகேசன் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டார், போதும் என்பது போல.

"ஊருப்பட்ட பேரோட மிஷின் இங்க ஓடுது மேடம்."

"அதனாலதாங்க கேக்குறேன். நெசமாவே கரண்ட்டு போற அன்னைக்கும் ஓடணும்ல?"

ரபீக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா, விவரமா என்று எடை போட்டிருப்பார். பிறகு போனை எடுத்து, கீழே இருந்த ஆளிடம் சொன்னார்: "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணுங்க. ஆமா, இப்பத்தான்."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு

கொடைக்கானல் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டு வந்ததைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டில் சும்மாவா இருந்தீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சும்மா இருந்திருந்தால் என் ரத்த அழுத்தம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

முருகேசன் ஜீப் ஓட்டுகிறவர். பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக ஆடலூர் வரை காப்பித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவார். அந்தப் பாதையில் யானைகள் குறுக்கே வரும். எங்கே நிற்கின்றன என்பதை ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டுச் சொல்வார். சேதி சுற்றி வருவதற்குள் யானை வேறு இடத்தில் நிற்கும்.

இதற்கு நான் ஒரு வழி செய்தேன். யானையைப் பார்க்கிறவர் ஒரு எண்ணுக்குப் போன் செய்து, இடத்துக்குத் தகுந்த பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அந்த இடத்தைச் சுற்றி இருக்கும் எல்லாருடைய போனுக்கும் சர்வரிலிருந்து அழைப்புப் போகும். எடுத்தால் ஒரு குரல் எச்சரிக்கும். கூடவே ஒரு வெப்சைட். யானை நிற்கும் இடம் அதில் வரைபடமாகத் தெரியும். பதிவு செய்தவர்கள் மட்டும் பார்க்கலாம்.

முதலில் என் குரலில் பதிவு செய்திருந்தேன். "யானை நடமாட்டம் காணப்படுகிறது" என்று நான் பாடம் நடத்துவதைக் கேட்டு எல்லாரும் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். பிறகு நாகம்மாள் பேசிக் கொடுத்தார். "ஆனை நிக்கிது. வெளிய வராதீங்க. அவ்வளவுதான்." அதைக் கேட்டார்கள்.

நாகம்மாள் ஆடலூருக்குக் கீழே பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிறவர். தோட்ட வேலை, காட்டில் கடுக்காய், கல்பாசம் எடுப்பது. நாற்பது வயதைத் தாண்டியவர், யாரிடமும் வளைந்து பேசமாட்டார். எங்களுக்கு வருகிற தகவல்களில் பாதிக்கு மேல் அவரும் அவர் தெருக்காரர்களும் சொல்வதுதான். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டார்: "ஆனை எங்க நிக்கிதுன்னு நாங்க சொல்றது யார் யாருக்குப் போகும் டீச்சர்? தந்தத்துக்கு அலையிறவனுக்கும் போகுமா?"

போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் கண்காணாத தேசத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் மிஷினில் இடம் வாடகைக்கு எடுக்காமல், சொந்தமாக ஒரு சர்வரை வாங்கி எங்கள் வீட்டுப் பக்கத்து அறையில் வைத்தேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம்.

ஐப்பசியில் ஒரு காலை

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. எங்கள் தெருவுக்கு வரும் கரண்ட் கம்பியில் ஒரு யூகலிப்டஸ் மரம் சாய்ந்தது. இன்வெர்ட்டர் முடிந்தவரை இழுத்துப் பிடித்தது. விடியும் நேரத்தில் அதுவும் ஓய்ந்தது.

முருகேசன் வெள்ளனே கிளம்பிப் போயிருந்தார். நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓடாத சர்வர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் எப்போதும் ஒரு விசிறிச் சத்தம் இருக்கும். அது இல்லாதபோது ஓட்டில் விழும் மழைதான் கேட்டது. என் போனிலும் சிக்னல் இல்லை.

அதே நேரத்தில் நாகம்மாள் எங்கள் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். மணி போகவே இல்லை. ஆடலூருக்குச் சற்று முன்னால், வளைவில், ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டில் நின்றன. பனிமூட்டம். ஜீப் நிறைய ஆட்களோடு முருகேசன் அந்த வளைவில் திரும்பினார்.

தாய் யானை பானெட்டில் நெற்றியை வைத்துத் தள்ளியது. எல்லாரும் குதித்துக் காப்பிச் செடிகளுக்குள் ஓடினார்கள். ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஜீப் பாதி தூரம் பள்ளத்தில் தொங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

சாயங்காலம் வீடு வந்தவர் டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"போன் வரும்னு நெனச்சுத்தான் போனேன்" என்றார். "வரலேன்னதும், ரோட்டுல ஒண்ணும் இல்லேன்னு நெனச்சிட்டேன்."

எங்கள் சர்வர் இல்லாத காலத்தில் அவர் அந்த வளைவில் ஹாரன் அடித்து, நின்று, பார்த்துத்தான் திரும்புவார். இப்போது மலையில் எத்தனை பேர் அழைப்பு வரவில்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு நடக்கிறார்களோ என்று நினைத்தேன். அன்றிலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ச் சர்வரைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

பலா பழுக்கத் தொடங்கினால் யானைகள் தோட்டங்களுக்கு இறங்கிவிடும். அதற்குள் சர்வரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தவர் தொழுவத்தில்

இதற்குக் கோலொகேஷன் என்று பெயர். சர்வர் நம்முடையது. அதை வைத்துக்கொள்ளும் கட்டடம், கரண்ட், ஏசி, இணைய இணைப்பு எல்லாம் இன்னொருவருடையது. "நம்ம மாட்டைக் கொண்டுபோயி அடுத்தவன் தொழுவத்துல கட்டுறது" என்றார் முருகேசன். அதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது. தொழுவக்காரர் யார் என்பதுதான் கேள்வி.

சென்னையில் பெரிய இடங்கள் உண்டு. போன் செய்தேன். ஒரே ஒரு சர்வர் என்றதும் எதிர்முனையில் குரல் தணிந்தது. "ப்ராப்ளம்னா கம்ப்ளெய்ண்ட் டிக்கெட் போடுங்க மேம், நாலு மணி நேரத்துக்குள்ள நம்ம டீம் பாக்கும்." நாலு மணி நேரத்தில் ஒரு யானைக் கூட்டம் மூன்று தோட்டங்களைத் தாண்டிவிடும். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஸாரி மேம்?" என்றது குரல்.

அடுத்து கோயம்புத்தூர். தை மாதம் போனோம். இன்றைக்கும் சொல்வேன், நான் பார்த்ததில் அதுதான் சிறந்த இடம். இரண்டு பக்கமிருந்து கரண்ட் வருகிறது. இரண்டு ஜெனரேட்டர். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும்.

உரிமையாளரே வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டுக்கேட்டு மகிழ்ந்தார். தனக்கு யானை என்றால் உயிர் என்றார். பிறகு, எங்கள் மலையில் அவருக்கு ஒரு ரிசார்ட் இருப்பதாகச் சொன்னார்.

"உங்க மேப்பை நம்ம கெஸ்ட்டுங்க பாக்குற மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு பண்ணிக்கலாமாங்க மேடம்? கூட்டம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா, தூரமா நின்னு பாத்துட்டு வந்துருவாங்க."

"அது முடியாதுங்க. வாக்குக் கொடுத்திருக்கோம்."

"பரவால்லீங்க, பரவால்லீங்க. அதுக்காக வெக்காம போயிராதீங்க. தாராளமா கொண்டாங்க."

முகம் மாறவே இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. கிளம்பும்போது கேட்டேன்: "எங்க அலமாரிச் சாவி எங்ககிட்ட மட்டுந்தானே இருக்கும்?"

"இன்னொண்ணு எங்ககிட்ட இருக்குமுங்க. ஒரு அவசரம்னா வேணும்ல?"

நியாயமான பதில்தான். எல்லா இடத்திலும் அப்படித்தான். சாவி இருந்தால் சர்வருக்குள் இருக்கும் வரைபடத்தையும் எடுத்துவிடலாம் என்பதுதான் என் பயம். தகவல் இருக்கும் டிஸ்க்கை ரகசிய வார்த்தை போட்டுப் பூட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறை நின்று ஓடும்போதும் நான் அதைத் திறந்துவிட வேண்டும். நான் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் மலைக்கு எச்சரிக்கையே இல்லை. பூட்டினால் ஒரு பயம், பூட்டாவிட்டால் ஒரு பயம்.

இன்னும் ஓர் இடத்தையும் பார்த்துவிடலாம் என்றுதான் சித்திரையில் மதுரைக்கு வந்தோம்.

நின்றுபோன ஏசி

ரபீக் போனில் சொன்னதும் விளக்குகள் அணைந்தன. ஏசி நின்றது, இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. சர்வர்கள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, இருட்டில் பச்சைப் புள்ளிகளாக.

"இப்ப ஜெனரேட்டர் தானா எடுத்துரும் மேடம்."

கீழே ஒரு உறுமல் கேட்டது. அடங்கியது. மறுபடி உறுமியது. அடங்கியது. முருகேசன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டீசல் வண்டிச் சத்தம் அவருக்குத் தாய்மொழி மாதிரி.

"எடுக்காது" என்றார் மெதுவாக.

பேட்டரிப் பெட்டி கீச்கீச் என்று கத்தத் தொடங்கியது. குளிர் விலகிவிட்டதை என் தோள்கள்தான் முதலில் உணர்ந்தன. நான் போர்த்தியிருந்த தலைப்பு தானாக நழுவியது. ரபீக்கின் நெற்றியில் வியர்வை. போனில், "அண்ணே, மெயினைப் போடுங்க, வெரசா" என்றார்.

விளக்கு வந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"போன மாசம் பாத்தப்ப ஒரே தட்டுல எடுத்துச்சு" என்றார் ரபீக். "இன்னைக்கு நீங்க கேக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க மிஷினை இப்பக் கொண்டு வராதீங்க மேடம். சரி பண்ணிட்டு நானே கூப்புடுறேன்."

பிறகு அங்கேயே நின்றபடி போனில் எதையோ அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் எழுதிக்கொண்டிருந்தார்: இன்று சோதித்தபோது ஜெனரேட்டர் ஓடவில்லை, பழுது பார்க்கும் வரை வேறு ஏற்பாடு செய்கிறேன்.

"இதை ஏன் எல்லாருக்கும் சொல்றீங்க?" என்றேன், தாங்க முடியாமல்.

"அவங்க மிஷினுதான மேடம்? அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

ஜீப்பில் நடந்த சண்டை

வத்தலக்குண்டு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு முருகேசன் ஆரம்பித்தார்.

"கோயம்புத்தூர்ல வையி."

"அந்த ஆளு மேப்பைப் பாப்பாருங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறான். நாலு டூரிஸ்ட்டு போட்டோ எடுத்துட்டுப் போவான். ஆளு சாகக்கூடாது வசந்தா. அந்த வளைவுல நின்னது நீயா, நானா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை.

"மதுரைக்காரரு உண்மையைச் சொன்னாருல்ல? அவருகிட்ட சாவி இருந்தா பயமில்ல" என்றேன்.

"உண்மையைச் சொன்னா எஞ்சின் எடுக்குமா?"

டீ ஆறிப்போனது. கடைசியில், நாகம்மாளைக் கேட்போம் என்று நான்தான் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு இடங்களைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ரிசார்ட்டுக்காரன் பாப்பான்னா நான் போன் பண்ண மாட்டேன் டீச்சர்" என்றார் நாகம்மாள். "எங்க தெருவுல ஒருத்தரும் பண்ண மாட்டாங்க."

முருகேசன் போன் பக்கம் குனிந்தார். "ஆத்தா, உசுரு சம்பந்தப்பட்ட சோலி இது."

"நானும் உசுரைத்தாண்ணே சொல்றேன். அவன் ஜீப்பு ஜீப்பா வந்து லைட்டு அடிப்பான். அது மெரண்டா எங்க போகும்? ரிசார்ட்டுக்கா போகும்? கீழ எங்க வீடுதான் கெடக்கு."

முருகேசன் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, நாகம்மாள் போனை வைத்துவிட்டார். நாகம்மாள் தெருக்காரர்கள் தகவல் சொல்லாவிட்டால், எத்தனை ஜெனரேட்டர் இருந்தும் எங்கள் சர்வருக்கு வேலை இல்லை. அது இரண்டு பேருக்குமே விளங்கிவிட்டது.

"சரி" என்றார் முருகேசன் வண்டியைக் கிளப்பியபடி. "ஆனா அந்த ஜெனரேட்டரை நான் பக்கத்துல நின்னு பாக்கணும். கோயம்புத்தூர்க்காரருக்கு இப்பவே வேண்டாம்னு சொல்லிறாத."

ஒரு பகல் முழுக்க

ரபீக் கூப்பிட்டபோது மலையில் பலா மணக்க ஆரம்பித்திருந்தது. ஜெனரேட்டருக்குப் புதிய பேட்டரி போட்டு, பழுதாகிக் கிடந்த ஒரு சுவிட்சையும் மாற்றியிருந்தார். முருகேசன் மட்டும் போய்ப் பக்கத்தில் நின்று, போட்டு அணைத்து, மறுபடி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். "எடுக்குது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாற்றும் நாளன்று பகல் முழுக்கச் சர்வர் இருக்காது. எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். யானையைப் பார்த்தால் எனக்கு நேராகப் போன் செய்ய வேண்டும், நான் ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டுச் சொல்வேன். சர்வரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். இறக்கத்தில் சிக்னல் போகும் இடம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறை கோடுகள் மறையும்போதும் மூச்சை அடக்கினேன். திரும்ப வந்ததும் தவறிய அழைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இல்லை என்பதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

மதுரையில் ரபீக் தன் கையாலேயே அதை அலமாரியில் ஏற்றினார். இரண்டு கரண்ட் ஒயர், இரண்டு இணைய ஒயர். நான் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. ஒரு சோதனை அழைப்பு போட்டோம். முருகேசன் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். "ஆனை நிக்கிது" என்றது நாகம்மாள் குரல், ஏசி ஹாலுக்குள். ரபீக் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

இனிப் பழைய எண்ணுக்கே அடிக்கலாம் என்று எல்லாருக்கும் சேதி அனுப்பிவிட்டு, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். சர்வரோடு இணைத்திருந்த திரையில் ஒரு வரி விழுந்தது.

நாகம்மாள் எண். இடம்: கீழ் ஓடை.

இது சோதனை இல்லை. சர்வர் தன்பாட்டில் அழைக்கத் தொடங்கியது. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. பக்கத்தில் 'எடுத்தார்', 'எடுத்தார்' என்று விழுந்துகொண்டே போனது. ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் 'எடுக்கவில்லை'.

சின்னப்பன். ஓடைக்கு மேலே மிளகு பறிக்கிறவர். போனைச் சட்டையோடு கிளையில் மாட்டிவிட்டு ஏணியில் ஏறிவிடுவார்.

சர்வர் மறுபடி அழைத்தது. எடுக்கவில்லை. நான் என் போனிலிருந்தும் அடித்தேன். லைன் பிஸி என்றது, சர்வரே அழைத்துக்கொண்டிருந்ததால். முருகேசன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். ரபீக்கும் வந்து நின்றார். அவருக்குச் சின்னப்பனைத் தெரியாது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

மூன்றாவது அழைப்பு. அந்த வரி அசையாமல் நின்றது. குளிரில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

'எடுத்தார்.'

யார் எடுத்தது, முழுதும் கேட்டாரா, ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. நாகம்மாள்.

"எல்லாரும் உள்ள வந்துட்டாங்க டீச்சர். சின்னப்பன் மட்டும் இப்பத்தான் ஓடியாந்தான், சட்டையைக்கூட எடுக்காம. நீங்க இன்னும் வீடு போயிச் சேரலியா?"

"இல்ல நாகம்மா, இன்னும் மதுரையிலதான் இருக்கோம்."

"மதுரையிலருந்தா போன் போச்சு?" என்றார். ஆச்சரியப்பட்டாரா, சந்தேகப்பட்டாரா, தெரியவில்லை.

படி இறங்கி வெயிலுக்கு வந்தோம். முருகேசன் ஜீப் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"கோயம்புத்தூர்க்காரருக்கு இன்னும் பதில் சொல்லலேல்ல?"

"இல்லங்க."

"சொல்லிரு."

"என்னன்னு சொல்ல?"

"எடம் பாத்துட்டோம்னு சொல்லு" என்றார், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியபடி.